டொராண்டோவுக்கு அறுபது மணி நேரம்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு விமான தூரம் பதின்மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பயண நேரம் இருபத்தொரு மணி என்று கைப்பேசி காட்டியது. நான் காஞ்சிபுரத்தில் வீட்டுப் படியிறங்கியதிலிருந்து டொராண்டோவில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஊசிக்குக் கையை நீட்டியதுவரை அறுபது மணி நேரம் ஆனது. இடையில் என்ன நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தோரு வயது. மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். எல்லாரும் மங்கை என்பார்கள். பட்டுத்தறிகளுக்குப் பாவு பிணைப்பது என் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று தீர்ந்தால், பழைய இழைகளின் நுனியோடு புதிய இழைகளின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை என்பதால் எனக்கு வெளியூர்ப் பழக்கம் குறைவு. இதற்கு முன் நான் போன மிகத் தொலைவான ஊர் ராமேசுவரம்.

என் தம்பி சுந்தரம் என்னைவிட ஏழு வயது சின்னவன். டொராண்டோவில் குடியேறிப் பதினேழு வருடம் ஆகிறது. அவனுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்துக்கு அடங்கிய நோய் ஐப்பசியில் மறுபடியும் தலைகாட்டியது. உடன்பிறந்தவர்களின் உடம்பிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் செல்களை எடுத்து அவனுக்கு ஏற்றினால்தான் பிழைப்பான் என்று அங்கிருக்கும் மருத்துவர்கள் சொன்னார்கள். உடன்பிறந்தது நான் ஒருத்திதான். சென்னையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முழுக்கப் பொருந்தியது.

இதையெல்லாம் என்னிடம் சொன்னது அவன் மனைவி நளினி. சுந்தரம் என்னிடம் பேசுவதில்லை. அம்மா இறந்து ஆறு வருடம். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

விசா வருவதற்கு ஏழு வாரம் இழுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே நளினி போன் செய்தாள். வழக்கமாகச் செல்களைக் கொடுப்பவர் வந்து சேர்ந்த பிறகுதான் நோயாளிக்குக் கடுமையான மருந்தைத் தொடங்குவார்களாம். சுந்தரத்தின் நோய் அதுவரை பொறுக்காது என்று செவ்வாய்க்கிழமையே தொடங்குகிறார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நான் அங்கே செல்களைப் பெருக்கும் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு நாள் ஊசி போட்டால் ஐந்தாம் நாள் செல்களை எடுப்பார்கள்.

"மருந்து ஏறிட்டா அதுக்கப்புறம் அவருக்குச் சொந்த ரத்தம் ஊறாது அண்ணி. நீங்க வந்தே ஆவணும்" என்றாள்.

"வந்துருவேன்மா" என்றேன்.

என் கணவர் சண்முகம் தறிக்குழியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாக எப்படிப் போவாய், அங்கே பனிக்காலம் ஆயிற்றே, இங்கிலீஷ் பேச வராதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பன்னிரண்டாவது படித்தவள். வாசிப்பேன், பேசத்தான் வாய் வராது என்று அவருக்கே தெரியும். கடைசியில் அவரே எழுந்து போய்ப் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினேன். முசரவாக்கத்துக்காரர் ஒருவரின் வாடகைக் கார். திருப்பெரும்புதூரில் கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரம். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக முக்கால் மணி நேரம் நின்றோம். முதல் எழுபது கிலோமீட்டருக்கே இந்தப் பாடா என்று நினைத்தேன். விமான நிலையத்தில் பையைக் கிளறிய அதிகாரி, புளிச்சோற்றை விட்டுவிட்டு நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். எண்ணெய் இருக்கிறதாம். எண்ணெய் இல்லாமல் ஊறுகாய் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆனாலும் தரவில்லை.

துபாய் வரை நான்கு மணி நேரம். பக்கத்தில் செய்யாற்றுக்காரர் ஒருவர், கொத்தனார் வேலைக்குப் போகிறவர். பெல்ட் மாட்டிக் காட்டியவர் அவர்தான். கழிவறைக் கதவு எப்படித் திறக்கும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். என் புளிச்சோற்றில் பாதியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விமானத்தில் கொடுத்த ரொட்டியை எனக்குத் தந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். டொராண்டோ என்றேன். அவர் போகிற தூரத்தைப் போல இன்னும் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஏதோ தன்னால்தான் அந்தத் தூரம் வந்ததுபோல வருத்தமாகப் பார்த்தார்.

துபாய் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் எங்கே என்று கேட்டால் நான்கு பேர் நான்கு திசையில் கை காட்டுவார்கள், அதில் ஒன்று சரியாக இருக்கும். இங்கே கேட்க ஆளே இல்லை, எல்லாம் பலகைகள். நளினி ஆங்கிலத்தில் அச்சடித்து அனுப்பிய ஒரு கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். நான் யார், எதற்காகப் போகிறேன், எப்போதைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. சீருடையில் யாரைப் பார்த்தாலும் அதை நீட்டினேன். அதைப் படித்தவர்கள் எல்லாரும் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள்.

அடுத்த விமானம் பதினான்கு மணி நேரம். முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை. அதில் ஒரு விமானப் படம் பூமியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். மீதித் தூரம் என்று ஓர் எண் குறைந்துகொண்டே வரும். பக்கத்தில் எல்லாரும் சினிமா பார்த்தார்கள். நான் அந்த எண்ணைப் பார்த்தேன்.

பத்தாயிரம். ஒன்பதாயிரத்து எண்ணூறு. பார்த்துக்கொண்டே இருந்தால் குறைவதே தெரியாது. கால் வீங்கி, காதுக்குள் என்ஜின் இரைச்சல் தங்கி, எத்தனை நேரம் ஆயிற்று என்பதே மறந்துபோன ஒரு கட்டத்தில்தான் சுந்தரம் அன்று வந்த பயணம் எனக்கு உறைத்தது.

அம்மா இறந்தது பங்குனியில், விடியற்காலை ஐந்து மணிக்கு. உடனே சுந்தரத்துக்குச் சொன்னேன். காத்திருக்கிறோம், வா என்றேன். கைப்பேசியில் பார்த்ததில் இருபத்தொரு மணி நேரம் என்று காட்டியது. கூட்டிப் பார்த்தேன், அடுத்த நாள் விடிவதற்குள் வந்துவிடுவான் என்று கணக்கு. ஆனால் அது பங்குனித் திருவிழா நேரம். மறுநாள் காலை சாமி எங்கள் தெரு வழியாக வர வேண்டும். தெருவில் பிணம் கிடந்தால் சாமி புறப்படாது. அன்று மாலைப் பூசையே நின்றுபோகும் என்று தெருப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. ஊருக்கே நடக்கிற காரியம், பார்த்துச் செய்யம்மா என்று தணிவாகத்தான் சொன்னார்கள். தணிவாகச் சொன்னதால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்றே எடுத்துவிடுவதற்கு மதியம் சரி என்று சொல்லிவிட்டேன்.

மூன்றரை மணிக்குச் சுந்தரம் நடுவழியில் ஏதோ ஓர் ஊரில் விமானம் மாறுகிற இடத்திலிருந்து கூப்பிட்டான். காத்திருக்கிறீர்களா என்று கேட்டான். காத்திருக்கிறோம் என்றேன். ஒரு மணி நேரத்தில் அம்மாவை எடுத்துவிட்டோம். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார்.

சுந்தரம் மறுநாள் காலை பத்தரை மணிக்கு வந்தான். சாமி போய்விட்டிருந்தது. தெருவெல்லாம் பூ. வீடு கழுவி விட்டிருந்தது. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, அம்மா எங்கே என்று ஒரு தடவை கேட்டான். அதற்கு மேல் கேட்கவில்லை.

இருபத்தொரு மணி நேரத்தில் வருகிறவன் இருபத்தொன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டான், நாங்கள் காத்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க மாட்டான் என்று ஆறு வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். எட்டு மணி நேரத்தை அவன் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, விமானத்துக்குள் இருப்பவனால் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்க முடியாது என்பது தெரிந்தது. அடுத்த விமானத்துக்காக ஆறு மணி நேரம் காத்திருந்ததாக அன்று அவன் யாரிடமோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. அன்று அது என் காதில் ஏறவில்லை.

இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது விமானி ஏதோ அறிவித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் சலித்துக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் கடிதத்தை நீட்டப் போனேன். அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "தமிழோ பிள்ளை?" என்றார்.

அவர் பெயர் தவமணி. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும், டொராண்டோவில் இருக்கிறார். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். "டொராண்டோவிலை இறங்கேலாதாம். பனிப்புயலாம். மொன்றியலிலை இறக்கப் போயினமாம்" என்றார்.

மொன்றியல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்றார். காஞ்சிபுரத்திலிருந்து கோவில்பட்டி. மனசுக்குள் அப்படித்தான் அளந்துகொண்டேன்.

அன்று புதன்கிழமை, அங்கே முற்பகல். தரையிறங்கி மூன்று மணி நேரம் விமானத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை; யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததுபோல இருந்தது. வெளியே வந்து விமானக் கம்பெனி மேசைக்குப் போனபோது வரிசையில் இருநூறு பேர். அடுத்த விமானம் வியாழக்கிழமை இரவு, அதுவும் உறுதியில்லை. ஓட்டலில் தங்க ஓர் அட்டை கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் படித்தாள், கண் கலங்கினாள், மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். அவரும் படித்தார். விமானமே இல்லாதபோது அவர்களால் என்ன செய்ய முடியும்?

பஸ் உண்டா என்று தவமணி அம்மாவிடம் கேட்டேன். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், திறந்தால் காலை ஆறரைக்கு ஒன்று போகும் என்று விசாரித்துச் சொன்னார். பெட்டிகள் எப்போது வரும் என்று தெரியாது. கையில் ஒரு பை, உடம்பில் ஒரு நூல்சேலை, ஒரு ஸ்வெட்டர், காலில் செருப்பு. தவமணி அம்மாவுடைய தங்கை மகள் அந்த ஊரில் இருந்தாள். "வாங்கோ, விடிய என்னோடை வெளிக்கிடலாம்" என்று என்னையும் கூட்டிப் போனார்.

அங்கிருந்து நளினிக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். "அழாதமா. ரோட்ல வந்துக்கினு இருக்கேன். அஞ்சி மணிவரைக்கும் ஊசிக்காரங்கள இருக்கச் சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே அதிகாரமாகக் கேட்டது.

அந்த வீட்டில் "பாண் சாப்பிடுங்கோ" என்றார்கள். ஏதோ பானம் என்று நினைத்து டம்ளருக்குக் கை நீட்டினேன். பாண் என்றால் பிரெட். பருப்புக் கறி ஊற்றித் தந்தார்கள். பசியில் ஆறு துண்டு சாப்பிட்டேன். அந்தப் பெண் தன்னுடைய பூட்ஸையும் கோட்டையும் எனக்குக் கொடுத்தாள். பூட்ஸ் இரண்டு அளவு பெரிது. மூன்று காலுறை போட்டு நிரப்பினோம்.

வியாழக்கிழமை காலை சாலையைத் திறந்துவிட்டார்கள். தவமணி அம்மாவோடு பஸ்ஸில் ஏறும்போதே ஓட்டுநரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்து குடியேறியவராம். உயரமான, நரைத்த தாடிக்காரர். முழுக்கப் படித்தார். பிரெஞ்சு மொழியில் ஏதோ சொன்னார். வழியனுப்ப வந்த தங்கை மகள் தமிழில் சொன்னாள்: "பஸ்ஸை எடுக்கிறது என்ரை வேலை, வழிவிடுகிறது ரோட்டின்ரை வேலை என்கிறார்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையைக் காட்டினார்.

பனி அள்ளுகிற வண்டிகள் எங்களுக்கு முன்னால் வரிசையாகப் போயின. வயல் எது, ஏரி எது, ஊர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சாலையில் அறுபது எழுபதில் போனோம். பஸ்ஸில் பத்து பதினைந்து பேர். யாரும் யாரோடும் பேசவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் எல்லாருடைய குடும்பமும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

பாதி வழியில் நின்றோம். முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. அரை மணி நேரம், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினார். நான் திரும்பி வரவில்லை. அங்கேயே நின்றேன். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது திறந்துவிடும் என்ற எண்ணம் இல்லை. ஆனால் உட்கார்ந்தால் அன்றுபோல எதற்கோ சரி என்று சொன்னதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

சாலை திறந்தபோது மணி பதினொன்றே முக்கால். இன்னும் இருநூற்று எழுபது கிலோமீட்டர். அப்போது ஓட்டுநர் ஒலிபெருக்கியை எடுத்தார். கிங்ஸ்டன் என்ற ஊரில் பஸ் அரை மணி நேரம் நிற்க வேண்டியதாம். எனக்குப் பின்னால் இருக்கும் இந்த அம்மாள் ஐந்து மணிக்குள் தம்பிக்கு உயிர் கொண்டுபோக வேண்டும். என் ஓய்வு இங்கே நின்ற நேரத்திலேயே முடிந்துவிட்டது. உங்களுக்குச் சம்மதமானால் நிற்காமல் போகிறேன் என்று சொன்னதாகத் தவமணி அம்மா என் காதில் மொழிபெயர்த்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சிகரெட் பிடிக்க வேண்டும் என்று முனகினார். பக்கத்திலிருந்த கிழவி அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். யாரோ ஓர் ஆப்பிளைக் கொடுத்தனுப்பினார்கள். அது கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. ஒரு சாண்ட்விச்சும் வந்தது. அதில் மாமிசம் இருக்கிறது என்று தவமணி அம்மா முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார். ஆப்பிளைச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் கண்ணில் நீர் வந்தது.

டொராண்டோ பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி நான்கு பதினைந்து. ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார், எங்கே கற்றாரோ. டாக்சி எதுவும் நகரவில்லை. "நடந்தால் இருபது நிமிஷம் பிள்ளை, என்ரை கையைப் பிடியுங்கோ" என்றார் தவமணி அம்மா. அவருக்கு மூட்டு வலி. ஆனாலும் எனக்கு முன்னால் போனார். பனி முழங்கால் வரை குவிந்து கிடந்த ஓர் ஓரத்தில் நான் வழுக்கி விழுந்தேன். சேலை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து நடந்தேன்.

மூன்றாவது மாடியில் மின்தூக்கி திறந்தபோது நளினி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். மணி நான்கு நாற்பது. ஒரு நர்ஸ் என் கோட்டைக் கழற்றி, ரத்தம் எடுத்து, ஒரு மருத்துவர் வந்து நெஞ்சையும் முதுகையும் பார்த்து, கையைத் துடைத்து ஊசி போட்டார்கள். எறும்பு கடித்தமாதிரி இருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று ஒரு கணம் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தபோது தவமணி அம்மா நளினியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை பகலில் சுந்தரத்தைப் பார்க்க விட்டார்கள். முகத்தை மூடி, மேலங்கி போட்டு, கை கழுவிய பிறகுதான் உள்ளே போகலாம். தலையில் ஒரு முடி இல்லை. அப்பாவுடைய சாயல் அவனுக்கு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வந்தாயாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். குளிருகிறதா என்று கேட்டான். கொஞ்சம் என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

சொல்ல வந்ததை அப்போது சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"சுந்தரம், அன்னிக்கு நீ நடுவழியில எறங்கி போன் பண்ண இல்ல. அப்ப வாசல்ல பாடை கட்டிக்கினு இருந்தாங்க. காத்துக்கினு இருக்கோம்னு நான் சொன்னது பொய்."

அவன் திரும்பவில்லை. "தெரியும். மூங்கில் வெட்டுற சத்தம் போன்ல கேட்டுது" என்றான்.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"அப்புறம் பத்து மணி நேரம் ஃபிளைட்ல வந்தேன்க்கா. அது வேற எதுனா சத்தமா இருக்கும்னு நெனச்சிக்கினே வந்தேன்."

நான் அவன் காலைத் தொடப் போனேன். தொடக்கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். தெருக்காரர்களையோ சாமி புறப்பாட்டையோ நான் சொல்லவில்லை. அதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். காத்திருக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

"கோவம் போவலக்கா. நீ ஊசி போட்டுக்கினதால போயிடும்னு நெனைக்காத."

"அதுக்கு வரல" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் எலும்புக்குள் யாரோ இடிப்பதுபோல வலித்தது. செல்கள் பெருகுகின்றன, நல்லதுதான் என்றார்கள். நளினி வீட்டில் உறைந்த முருங்கைக்காயில் சாம்பார். பெட்டி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து இயந்திரத்துக்குள் சுற்றவிட்டு மறு கை வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். ஐந்து மணி நேரம். இரண்டாவது மணி நேரத்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. என் பிழைப்பே விரல் நுனியில் இருக்கிறது. உடனே நர்ஸைக் கூப்பிட்டேன். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் அப்படித்தான் என்று ஏதோ மருந்து ஏற்றினாள். உணர்வு திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு சிறிய பையைத் தூக்கிக் காட்டினாள். தக்காளிச் சாறு போல இருந்தது. அன்று மாலையே அதைச் சுந்தரத்துக்கு ஏற்றினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றாள் நளினி.

பிறகு காத்திருப்பு. அவன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பூச்சியம் என்று தினமும் காலையில் ஒரு தாளில் வரும். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண். இரண்டு நாள் அவன் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் டிராமில் போய்வரக் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை எதிர்ப்பக்க டிராமில் ஏறி ஊர்க்கோடி வரை போய்விட்டேன். ஓட்டுநர் அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தவமணி அம்மா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவருவார். காஞ்சிபுரத்திலிருந்து சண்முகம் தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்காமல் வைத்துவிடுவார். கேட்கப் பயந்தார்.

பதினேழாம் நாள் காலைத் தாளில் பூச்சியம் இல்லை. மறுநாள் கூடியது. அதற்கடுத்த நாளும் கூடியது. மருத்துவர் அறைக்குள் வந்து, உங்கள் அக்காவுடைய செல்கள் உங்கள் உடம்பில் குடியேறிவிட்டன, இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும், ஆனால் வேர் பிடித்துவிட்டது என்று சொன்னதாக நளினி தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று பிற்பகல் அவளை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லிவிட்டு நான் சுந்தரத்தோடு இருந்தேன். கொஞ்சம் கஞ்சி குடித்தான். கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அக்கா."

"சொல்லுப்பா."

"அம்மா போன அன்னிக்கு என்ன நடந்துது? நான் யாரையும் கேக்கல. மொதல்லருந்து சொல்லு. எதையும் விடாத."

சொன்னால் நேரமாகும், அசதியாக இருக்கும் என்றேன். பரவாயில்லை, சொல் என்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

நாற்காலியை அவன் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டதிலிருந்து தொடங்கினேன்.